புற்றுநோய் முற்றிய நிலையில் மாத்திரைகளைக் குறைப்பது எப்படி? நோயாளியின் மனசிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

புற்றுநோய் பரவிவிட்டது, இனி கீமோ வேண்டாம், வலியும் வாந்தியும் இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று முடிவான பிறகும் மாத்திரை டப்பா மட்டும் இளைப்பதில்லை. சுகருக்கு, பிரஷருக்கு, கொழுப்புக்கு என்று பல வருஷமாகச் சாப்பிட்டவை அப்படியே இருக்கும். அதன்மேல் வலிக்கு, வாந்திக்கு, மலச்சிக்கலுக்கு என்று புதியவை சேரும். நாலு வாய் சோறு இறங்காதவர் மாத்திரைக்காக இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, அதிலேயே வயிறு நிரம்பிப் படுத்துவிடுவார்.

இவற்றில் எதை நிறுத்தலாம் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் பட்டியல்கள் உண்டு. முற்றிய புற்றுநோயாளிகளுக்கென்றே ஆஸ்திரேலியாவில் 'ஆன்க்பால்' என்ற வழிகாட்டி 2015-ல் வந்தது. ஆனால் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தால் வேலை நடக்காது. நோயாளி விடத் தயாராக இருக்கும் மாத்திரை ஒன்று, டாக்டர் நிறுத்த நினைக்கும் மாத்திரை வேறொன்று என்று இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். 'மார்ஃபினைக் குறைச்சுக்கலாமா?' என்று வலி மருந்தைப் பற்றிக் கேட்கும் அதே மனிதர் கொழுப்பு மாத்திரையைத் தொடவிடமாட்டார். அதனால் இந்த வழிகாட்டியில் நோயாளியிடம் பேசும் பகுதிதான் நீளமாக இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் என்ன கேட்பது, வீட்டில் எப்படிப் பேசுவது, நிறுத்திய பிறகு எதைக் கவனிப்பது என்பதற்குத்தான் இது.

நோயாளிகள் என்ன நினைக்கிறார்கள்?

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2018-ல் வெளியானது. 'டாக்டர் முடியும் என்று சொன்னால் ஒரு மாத்திரையையாவது நிறுத்தச் சம்மதமா?' என்ற கேள்விக்கு 92 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். மாத்திரை எண்ணிக்கையைக் குறைக்க ஆசை என்று சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. அவர்கள் பொதுவான முதியவர்கள், புற்றுநோயாளிகள் என்று தனியாகப் பிரிக்கவில்லை. என்றாலும் கேள்வியிலேயே இருக்கும் 'டாக்டர் சொன்னால்' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். மகன் சொன்னால் என்றோ, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் என்றோ அதில் இல்லை.

முற்றிய நோயில் இருப்பவர்களிடமே நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில், ஒரு மாதம் முதல் ஒரு வருஷம்வரை ஆயுள் எதிர்பார்க்கப்பட்ட 381 பேரில் பாதிப்பேருக்குக் கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டினை நிறுத்தினார்கள், மீதிப்பேருக்குத் தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் புற்றுநோயாளிகள். 2015-ல் முடிவு வெளியானது. 60 நாளுக்குள் இறந்தவர்கள் நிறுத்திய பக்கம் 23.8 சதவீதம், தொடர்ந்த பக்கம் 20.3 சதவீதம், இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். மாரடைப்பு போன்ற பாதிப்பு வந்தவர்கள் நிறுத்திய பக்கம் 13, தொடர்ந்த பக்கம் 11. வாழ்க்கைத் தரம் நிறுத்தியவர்களுக்குச் சற்று மேலாகவே இருந்தது.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்களிடம், மாத்திரையை நிறுத்துவது பற்றி என்ன தோன்றுகிறது என்றும் கேட்டார்கள். டாக்டர் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமாகுமோ என்று கவலைப்பட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. செலவு குறையும் என்று நினைத்தவர்கள்தான் அதிகம். நம் ஊரில் அந்தக் கவலை கூடுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். இங்கே வீட்டில் நோயின் பெயரையே பல நேரம் சொல்வதில்லை. பெயர் தெரியாதவருக்கு மாத்திரை குறைவது மட்டும் தெரிந்தால் மனசு எங்கெங்கோ போகும்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

டப்பாவில் இருப்பது, ஃப்ரிட்ஜில் இருப்பது, தலையணைக்கடியில் இருப்பது, சாமி அலமாரியில் இருக்கும் லேகியம், யாரோ கொண்டுவந்து கொடுத்த மூலிகைப் பொடி எல்லாம் ஒரு துணியில் வரட்டும். நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். அதுவும் கல்லீரலும் சிறுநீரகமும் சுமக்கவேண்டிய மருந்துதான்.

இரண்டு விஷயங்கள் அடிக்கடி மாட்டும். முதலாவது, ஒரே வேலைக்கு இரண்டு மாத்திரை. ஒரு டாக்டர் பான்டோபிரசோல் எழுதியிருப்பார், இன்னொருவர் ராபெபிரசோல் எழுதியிருப்பார். பெயர் வேறு, கம்பெனி வேறு, இரண்டுமே கேஸ் மாத்திரை. இரண்டாவது, ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. நம் நாட்டில் இது மிக அதிகம். கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது, டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்தது, ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்ந்த கேப்ஸ்யூல். இதில் ஒன்றை மட்டும் விடவேண்டும் என்றால் மற்றதைத் தனி மாத்திரையாக எழுதி வாங்கவேண்டும். இது தெரியாமல், ஒன்றை நிறுத்தப்போய் இரண்டையும் நிறுத்தியவர்கள் உண்டு.

படி 2: ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எதற்கு' என்று எழுதுங்கள்

ஒரு நோட்டுப் போடுங்கள். மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, யார் எழுதினார், எந்த வருஷம், எதற்காக. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அது டாக்டரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

'எதற்கு' என்பதில் இரண்டு வகை. இன்றைய தொந்தரவைக் குறைப்பது ஒன்று: வலி, வாந்தி, மூச்சுத்திணறல், வலிப்பு. பின்னாளில் வரக்கூடியதைத் தடுப்பது இன்னொன்று: கொழுப்பு மாத்திரை, எலும்புத் தேய்மான மாத்திரை, இதய நோய் வராதவர் முன்னெச்சரிக்கையாகச் சாப்பிடும் ஆஸ்பிரின். இரண்டாவது வகை பலன் தர நாளாகும். இதய நோய் வராத 50 முதல் 75 வயதுக்காரர்கள் 100 பேர் ஸ்டாட்டின் சாப்பிட்டால், அவர்களில் ஒருவருக்கு மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பைத் தவிர்க்கச் சுமார் இரண்டரை வருஷம் பிடிக்கும் என்று 2021-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. மாதக் கணக்கில் ஆயுள் சொல்லப்பட்ட ஒருவருக்கு அந்தப் பலன் வந்து சேர நேரமில்லை. விழுங்கும் சிரமமும் பக்கவிளைவும் மட்டும் இன்றைக்கே வரும்.

படி 3: நோயாளியிடம் பேசுங்கள்

எமிலி ரீவ் என்ற ஆய்வாளரின் குழு ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு கேள்வித்தாள் தயாரித்து 2016-ல் வெளியிட்டது. நோயாளிக்கு ஒன்று, கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு ஒன்று என்று இரண்டு வடிவம் உண்டு. அது நாலு விஷயங்களைத் தொடுகிறது: மாத்திரை எவ்வளவு பாரமாக இருக்கிறது, அது இப்போதும் தேவை என்று நினைக்கிறாரா, நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறார், முடிவில் தனக்கு எவ்வளவு பங்கு வேண்டும் என்கிறார். தாளை நீட்டி டிக் போடச் சொல்லவேண்டாம். இந்த நாலையும் பேச்சுவாக்கில் கேளுங்கள்.

'இவ்வளவு மாத்திரையில உங்களுக்கு ரொம்பத் தொந்தரவா இருக்கிறது எது?'

'எது இல்லேன்னா பயமா இருக்கும்?'

'இதுல சிலதைக் குறைக்கலாம்னு டாக்டர் சொன்னா உங்களுக்கு என்ன தோணும்?'

'இந்த முடிவை நீங்களே எடுக்கணுமா, டாக்டரும் வீட்டுக்காரங்களும் பார்த்துக்கட்டுமா?'

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இரைப்பைப் புற்று, கல்லீரலுக்குப் பரவிவிட்டது. அறுபத்தேழு வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலையில் அரை இட்லி, மதியம் கொஞ்சம் கஞ்சி. சுகர் மாத்திரை இரண்டு வேளை, பிரஷருக்கு டெல்மிசார்டன், ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்ந்த கேப்ஸ்யூல், கேஸ் மாத்திரை, கால்சியம், இரும்புச் சத்து, பி காம்ப்ளெக்ஸ். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின், ராத்திரி மலம் இளக்கும் மாத்திரை. விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி எழுந்திருக்கிறார். மகன் சுகர் பார்த்தால் 62.

வீட்டுக்கு வந்த நர்ஸ் கேட்கிறார்: "ஐயா, இதுல எதை விட்டா நல்லாருக்கும்னு நினைக்கிறீங்க?"

"அந்த மார்ஃபின்தான் சிஸ்டர். பழகிடும்ங்கறாங்க. வலியைப் பொறுத்துக்கிறேன், அதைக் குறைச்சுடுங்க."

"சரிங்க ஐயா. எதை விடவே கூடாதுன்னு நினைக்கிறீங்க?"

"கொழுப்பு மாத்திரை. என் தம்பி நெஞ்சு வலியிலதான் போனான். அன்னைலேர்ந்து ஒருநாள் தவறினதில்ல."

தம்பியின் சாவு அந்தக் கேப்ஸ்யூலுக்குள் இருக்கிறது. 'அது இனி உங்களுக்குத் தேவையில்லை' என்று சட்டென்று சொன்னால் அவர் காதில் விழுவது வேறாக இருக்கும். இந்த இடத்தில் ஒழுங்காக நடப்பது இப்படி: எது தொடரும் என்பதை முதலில் சொல்லவேண்டும். "வலிக்குள்ள மருந்து, வாந்திக்குள்ள மருந்து எதுவும் நிக்காது ஐயா. நாங்களும் வர்றதை நிறுத்தமாட்டோம். வலிக்காக டாக்டர் சொன்ன அளவுல மார்ஃபின் எடுத்தா, போதைக்கு அடிமையாகிறது ரொம்ப அபூர்வம். வலி குறைஞ்சா டாக்டரே மெதுவாக் குறைப்பார்." பிறகுதான் அந்தக் கொழுப்பு மாத்திரை. "இத்தனை வருஷமா அது உங்களுக்கு வேலை செஞ்சிருக்கு. இப்ப நீங்க சாப்பிடற சாப்பாடும் உங்க எடையும் மாறிப்போச்சு. டாக்டர் அதைத் திரும்பப் பார்க்கணும்ங்கிறார். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போமா? உங்களுக்கு மனசு கேக்கலேன்னா திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்."

'நிறுத்திப் பார்ப்போம்' என்பதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஸ்டாட்டினை உண்மையிலேயே திரும்ப ஆரம்பிக்க முடியும். அவர் ஒப்புக்கொள்ளவில்லையா? விட்டுவிடுங்கள். ஒரு கொழுப்பு மாத்திரை மனதைரியம் தருகிறது, விழுங்கவும் முடிகிறது, உடம்பையும் படுத்தவில்லை என்றால் அதை முதல் ஆளாகப் பிடுங்கவேண்டியதில்லை. அந்த வீட்டில் சுகர் 62-க்கு இறங்கியிருப்பதால் அவசரம் சுகர் மாத்திரைதான்.

செய்யக்கூடாத ஒன்று: சொல்லாமல் டப்பாவிலிருந்து எடுத்துவிடுவது. பத்து வருஷமாக மாத்திரை போட்டவருக்கு நிறமும் வடிவமும் கணக்கும் மனப்பாடம். மஞ்சள் மாத்திரையைக் காணோம் என்று அவர் கேட்கும்போது 'மறந்துட்டேன்ப்பா' என்று மழுப்பினால், அடுத்து நீங்கள் கொடுக்கும் மார்ஃபினையும் அவர் சந்தேகத்தோடுதான் வாங்குவார்.

நோயின் பெயரை மறைத்திருக்கும் வீட்டில் இது இன்னும் சிக்கல். 'அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க' என்று வாசலிலேயே பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுடைய பாசத்தைக் குறை சொல்லமுடியாது. ஆனால் நோயாளிக்குப் பெரும்பாலும் ஏதோ தெரிந்திருக்கும்; தெரிந்ததைப் பிள்ளைகளுக்காக அவரும் மறைத்துக்கொண்டிருப்பார். மாத்திரை குறைக்க நோயின் பெயரைச் சொல்லியே தீரவேண்டும் என்று இல்லை. 'சாப்பாடு குறைஞ்சதால சுகர் தானா இறங்குது, அதனால மாத்திரையைக் குறைக்கணும்' என்பது முழு உண்மை. பொய் சொல்லாமல் இவ்வளவு தூரம் போகலாம். அவரே 'எனக்கு என்னதான் ஆச்சு?' என்று கேட்டால், அந்தக் கேள்வியை நர்ஸோ டாக்டரோ நேரில் கையாளும்படி வழிவிடுங்கள். 'ஒண்ணுமில்லப்பா' என்று மூடிவிடாதீர்கள்.

படி 4: எதை எடுத்துப் பேசலாம்

சுகர் மாத்திரை முதலில். சாப்பாடு குறைந்தவருக்குக் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். டாபாக்ளிஃப்லோசின் வகைச் சுகர் மாத்திரை, உணவும் நீரும் குறையும்போது உடலில் அமிலத்தைக் கூட்டிவிடக்கூடும். இந்த நிலையில் சர்க்கரையை 110-க்குள் வைக்கவேண்டும் என்ற பழைய கண்டிப்பு தேவையில்லை. பிரிட்டனில் ஆயுளின் கடைசிக் கட்டத்துக்கான நீரிழிவு வழிகாட்டுதல் 6 முதல் 15 மில்லிமோல், நம் மீட்டர் கணக்கில் 108 முதல் 270 வரை போதும் என்கிறது. இரண்டு எச்சரிக்கைகள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஏறும், அதனால் அவருக்குக் கணக்கே வேறு. சிறு வயதிலிருந்தே இன்சுலினை நம்பி வாழும் முதல் வகை நீரிழிவுக்காரருக்கு, சாப்பாடு குறைந்துவிட்டது என்று வீட்டில் இன்சுலினை நிறுத்தவே கூடாது.

பிரஷர் மாத்திரை அடுத்தது. எடை குறைந்தவருக்கு ரத்த அழுத்தம் தானாக இறங்கும். எழுந்து நின்றதும் கண் இருட்டி, பாத்ரூம் போகும் வழியில் விழுவார். படுத்தபடி ஒருமுறை, நின்றபடி ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தியும் பேதியும் இருக்கும்போது டெல்மிசார்டன் போன்றவை சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். சிறுநீரகம் தளர்ந்தால் மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கி, ஆள் எந்நேரமும் மயக்கத்தில் கிடப்பார், தூக்கத்தில் கைகால் துள்ளும். பிரஷர் மாத்திரைக்கும் மார்ஃபின் மயக்கத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

சத்து மாத்திரைகளை நிறுத்த நோயாளிகள் லேசில் சம்மதிப்பார்கள், வீட்டார்தான் சம்மதிக்கமாட்டார்கள். சாப்பிடாதவருக்குச் சத்தாவது போகட்டுமே என்ற தவிப்பு அது. இரும்புச் சத்து மாத்திரை மலச்சிக்கலைக் கூட்டும். மார்ஃபினும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் வயிறு கல்லாகிவிடும்.

எலும்புத் தேய்மானத்துக்கான வாராந்திர மாத்திரையைப் பேச்சுக்கு எடுக்கலாம். எலும்புக்குப் பரவிய புற்றுக்குப் போடும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசியை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அதன் கணக்கு தனி.

டாக்டர் சொல்லாமல் கைவைக்கக்கூடாதவை: மூளைக்குப் பரவியவருக்கு வலிப்பு மாத்திரை, சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும், காலில் ரத்தக்கட்டி வந்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, தைராய்டு மாத்திரை. மார்ஃபின் சாப்பிடும்வரை மலம் இளக்கும் மருந்தும் கூடவே வரவேண்டும். அதை நிறுத்தினால் அவதிப்பட்டு, கடைசியில் மார்ஃபினே வேண்டாம் என்று சொல்வார்.

படி 5: ஒரே டாக்டரின் பொறுப்பில் கொண்டுவாருங்கள்

'ஆயுசுக்கும் சாப்பிடணும்' என்று சொன்னவர் சுகர் டாக்டர். நிறுத்தலாம் என்று சொல்பவர் புற்றுநோய் டாக்டர் அல்லது வலி, வாந்தி போன்ற தொந்தரவுகளைக் குறைக்கும் பாலியேட்டிவ் டாக்டர். இந்த இரண்டு வாக்குக்கும் நடுவில் நோயாளி திண்டாடுவார். முடிந்தால் பழைய டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, 'அவரும் சரின்னுட்டார்' என்று நோயாளியிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரிய பலம் உண்டு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகிறது, நோய் ஆதரவுச் சிகிச்சைக்கான நர்ஸும் வருகிறார். மாத்திரை கொண்டுவருபவர் கையிலும் நர்ஸ் கையிலும் அதே நோட்டைக் கொடுங்கள்.

டாக்டரிடம் சுருக்கமாக இப்படிக் கேட்கலாம்: 'இந்த மாத்திரையோட பலன் அப்பாவுக்கு எப்பத் தெரியும்? நிறுத்தினா என்ன ஆகலாம்? ஒரேயடியா நிறுத்தலாமா, படிப்படியாக் குறைக்கணுமா? எதைப் பார்த்தா உங்களுக்குப் போன் பண்ணணும்?' பதிலை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: ஒவ்வொன்றாக

ஆபத்து தரும் மருந்தை முதலில், நோயாளி வெறுக்கும் மருந்தை அடுத்து, அவர் பிடித்துவைத்திருக்கும் மருந்தைக் கடைசியில். ஒரே நாளில் ஐந்தை நிறுத்தினால் மறுநாள் வரும் தலைச்சுற்றலுக்கு எது காரணம் என்று யாருக்கும் தெரியாது.

திடீரென்று நிறுத்தினால் உடம்பு திருப்பி அடிக்கும் மருந்துகள் உண்டு. பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் மெட்டோப்ரோலால், அட்டனலால் நின்றால் நெஞ்சு படபடக்கும், நெஞ்சு வலியும் வரலாம். குளோனிடின் நின்றால் பிரஷர் எகிறும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரேயடியாக விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். குளோனசெபாம், அல்பிரசோலாம் போன்ற தூக்க மாத்திரைகள், நரம்பு வலிக்கான பிரிகாபலின், மனச்சோர்வு மாத்திரைகள், மார்ஃபின் எல்லாவற்றையும் டாக்டர் எழுதிக்கொடுக்கும் கணக்குப்படிதான் குறைக்கவேண்டும். நாள்பட்ட கேஸ் மாத்திரையை நிறுத்தினால் சில வாரம் நெஞ்செரிச்சல் கூடுதலாக இருக்கும். ஸ்டீராய்டோ டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையோ ஓடிக்கொண்டிருக்கும்போது கேஸ் மாத்திரையைத் தொடாதீர்கள்.

படி 7: நிறுத்திய பிறகு

நிறுத்திய தேதியை எழுதுங்கள். சுகர், பிரஷர், வலி, மலம் கழித்த நாள், பசி, தூக்கம் பற்றித் தினமும் ஒரு வரி. நோயாளியிடம் 'எப்படி இருக்கு?' என்று கேட்பதோடு, 'அதை விட்டதுல மனசுக்கு ஏதாவது உறுத்துதா?' என்றும் கேளுங்கள். முதல் வாரம் சரி என்றவர் மூன்றாவது வாரம் பயப்படலாம். சின்னதாக நெஞ்சு கரித்தாலும், 'மாத்திரையை நிறுத்தினதாலதான்' என்று தோன்றும். உறவினர் வந்து 'ஏன் நிறுத்தினீங்க?' என்று கேட்டுவிட்டுப் போன அன்றைக்குத்தான் இந்தப் பயம் பெரும்பாலும் கிளம்பும். யார் கேட்டாலும் வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொல்லும்படி பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: விழுங்க முடியாமல் போகும்போது

அந்த நாள் வருவதற்கு முன்பே கேட்டுவைத்துக்கொள்ளவேண்டியது இது. சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் நீண்டநேர மார்ஃபினைப் பொடிக்கவே கூடாது, முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கி ஆபத்தாகிவிடும். பான்டோபிரசோல், மலம் இளக்கும் பிஸாகோடில் மாத்திரைகளுக்கு மேல்பூச்சு இருப்பதால் அவற்றையும் பொடிக்கக்கூடாது. கடைசி நாட்களில் வலிக்கும், மூச்சுத்திணறலுக்கும், பதற்றத்துக்கும் தேவையான மருந்துகளைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடமுடியும். பெரும்பாலான மற்ற மாத்திரைகளுக்கு அந்தக் கட்டத்தில் வேலை இல்லை. 'வாய் வழியா முடியாதப்ப வலிக்கு என்ன ஏற்பாடு, ராத்திரி யாரைக் கூப்பிடணும்?' என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

நிறுத்திய மாத்திரைகளை என்ன செய்வது?

அதே டப்பாவில் வைக்காதீர்கள், ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 'எனக்கும் பிரஷர்தானே' என்று கேட்கும் அக்கம்பக்கத்தாருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். மிச்சமாகும் மார்ஃபினை, கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பி ஒப்படையுங்கள். மாதாமாதம் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமும், வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையிலும் எது எது நின்றுவிட்டது என்று நோட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நிறுத்திய மாத்திரை அடுத்த மாதம் புது அட்டையாக வீட்டுக்குள் வந்துவிடும்.